பெற்றோர் பார்த்துவிட்டார்

ஜூன் 14

வாலுவின் அம்மாவுக்கு,

எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். என்ன செய்வது, என் நம்பரை நீ பிளாக் செய்து வருஷம் ஒன்று ஓடிவிட்டது. நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப் வாசலில் வந்து நின்றால் வாட்ச்மேன் உன்னைக் கூப்பிடுவதற்குள் ஊரே கூடிவிடும். வக்கீல் அம்மா அன்றைக்குச் சொன்னார் இல்லையா, "ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க, பேசாதீங்க. எழுதுனா கை வலிக்கும், பாதிக் கோபம் தானா அடங்கிடும்" என்று. ஆகவே எழுதுகிறேன். கை இப்போதே வலிக்கிறது. ஸ்பானர் பிடித்த கை, பேனா பிடித்தால் முறைக்கிறது.

புதன்கிழமை நம் வாலு பள்ளி விட்டு என் வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போல "டைரியைக் குடு" என்று கை நீட்டினேன். "டைரியெல்லாம் போயாச்சுப்பா. இனிமே எல்லாம் ஆப்தான்" என்றாள். ஹோம்வொர்க், மார்க், லீவு, எல்லாம் போனில் வருமாம். எந்தப் போனில் என்று கேட்டேன். "அம்மா போன்ல. ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர்தானாம்" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றப் போய்விட்டாள்.

உனக்கு அது வெறும் ஹோம்வொர்க் டைரி. எனக்கு அப்படி இல்லை. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நீ கையெழுத்துப் போடுவாய். புதனும் சனி ஞாயிறும் என் முறை. கையெழுத்துக்குக் கீழே 'பெற்றோர் குறிப்பு' என்று இரண்டு வரிக் கட்டம் ஒன்று இருக்குமே, பிரிந்து வந்த பிறகு நாம் சண்டை இல்லாமல் பேசிக்கொண்ட ஒரே இடம் அது. "இருமல் இருக்கிறது, மருந்து பையின் முன் ஜிப்பில்" என்று நீ எழுதுவாய். "கொடுத்தாச்சு. கசக்கிறது என்று அழுதாள். நானும் குடித்துப் பார்த்தேன், அழ வேண்டியதுதான்" என்று நான் எழுதினேன். கணக்கு டீச்சர் சிவப்பு மையில் "இது ஹோம்வொர்க் டைரி" என்று எழுதி அடிக்கோடு போட்டார். அதைப் பார்த்து நீயும் சிரித்தாய் என்று வாலு சொன்னாள்.

என் நம்பரையும் அந்த ஆப்பில் சேர்க்கச் சொல். அவள் பத்தாம் வகுப்பு. இந்த வருஷம் அவள் என்ன படிக்கிறாள் என்பதே தெரியாத அப்பனாக இருக்க எனக்கு மனசில்லை. வேறு எதையும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

அவள் அப்பா


ஜூன் 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில், பதினைந்து வயதுப் பெண்ணை இன்னும் 'வாலு' என்று எழுதாதீர்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர் என்பது பள்ளி போட்ட சட்டம். நான் போட்டதில்லை. அதற்காகக் கூட்டம் நடந்தது. உங்களுக்கு அழைப்பு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் பெற்றோர் கூட்டத்துக்கு நாம் இரண்டு பேரும் போய், வராந்தாவில் போட்ட சண்டை பள்ளிக்கூடத்துக்கே தெரியும். பாப்பா தண்ணீர்க் குழாயடியில் நின்று, தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். அதை நான் மறக்கவில்லை.

கூட்டத்தில் சரித்திர வாத்தியார் மட்டும் டைரிக்காக வாதாடினார். "செய்ய வேண்டியதைப் பிள்ளை தன் கையால எழுதணும். எழுதுனாதான் அது அவங்க வேலை. போன்ல வந்தா அது அப்பா அம்மா வேலையாயிடும்" என்றார். தலைமை ஆசிரியை, பையின் கனம் குறையும் என்றார். போன் இல்லாத வீடுகள் என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டார். ஆபீஸில் வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. இருந்தாலும் கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஏன் தட்டினேன் என்று சொல்கிறேன். உங்கள் அருமை டைரியில், புதன்கிழமைப் பக்கங்களுக்கெல்லாம் மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்தவர் நீங்கள். "மூன்று வாரமாக அறிவியல் நோட்டைக் காட்டவில்லை" என்று டீச்சர் எழுதியதற்குக் கீழே உங்கள் கையெழுத்து முன்பே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நான் போய்த் தலை குனிந்து நின்றேன். நீங்கள் அவளுக்கு ஜோக் எழுதுகிற அப்பா. நான் நோட்டு எங்கே என்று கேட்கிற அம்மா. இரண்டு வருஷமாக இந்த வேஷம் எனக்குச் சலித்துவிட்டது.

இப்போது எல்லாம் என் போனில் தெரிகிறது. யாரையும் கேட்க வேண்டாம். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. முக்கியமானது ஏதாவது வந்தால் பாப்பாவிடம் சொல்லி அனுப்புகிறேன்.

பாப்பாவின் அம்மா


ஜூலை 8

வாலுவின் அம்மாவுக்கு,

(வாலு வாலுதான். அவளைக் கேட்டேன், "நீ கூப்பிட்டுக்கோப்பா, வெளியில மட்டும் வேண்டாம்" என்றாள்.)

முன்கூட்டியே கையெழுத்துப் போட்டது தப்புதான். உண்மைக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டால் நான் போய்ச் சரிசெய்துவிட்டு வீடு திரும்ப எத்தனை மணி ஆகும் என்று எனக்கே தெரியாது. அவள் கையெழுத்து இல்லாமல் போய் வகுப்பில் நிற்கக் கூடாதே என்று போட்டேன். சரி, அது போகட்டும்.

போன புதன்கிழமை நடந்ததைக் கேள். புவியியலில் ஆறுகள் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். அழகாக வரைந்தாள், நான் பென்சில் சீவிக் கொடுத்தேன். முன்பெல்லாம் அதோடு வேலை முடிந்தது. இப்போது அதைப் படம் பிடித்து, பிள்ளைகள் ஏற்றுவதற்கென்று ஆப்பில் தனியாக இருக்கிற பக்கத்தில் ஏற்ற வேண்டுமாம். என் அறை கட்டடத்தின் பின்பக்கம், கீழ்த்தளம். சிக்னல் அங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. நீ அவளுக்குக் கொடுத்த பழைய போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். அவள் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள், அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் முடிந்தது. சிவப்பில் 'சமர்ப்பிக்கவில்லை' என்று உன் போனில் வந்திருக்கும். அடுத்த நிமிஷம் நீ அவளைக் கூப்பிட்டாய்.

நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னது மட்டும் கேட்டது. "இல்லம்மா. செஞ்சேம்மா. அப்பா மேல தப்பில்லம்மா." கீழே வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். வாயில் வைத்ததை முழுங்காமல் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் வீட்டுக்கு வந்தால் அவள் பெயருக்கு நேரே சிவப்பு விழுகிறது. இனிமேல் புதன்கிழமை வரவில்லை என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நானும் அந்த ஆப்பில் இருந்திருந்தால், நேரம் என்ன என்று முன்னாலேயே பார்த்து வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போய் ஏற்றியிருப்பேன். கெஞ்சிக் கேட்கிறேன். பள்ளியில் போய்ப் பேசு.

அவள் அப்பா


ஜூலை 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

அவள் அழுதது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அன்றைக்கு லேபில் ஒரு சாம்பிள் குளறுபடி, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்லம்மா" என்றாள். எல்லாவற்றுக்கும் இப்போது அதையேதான் சொல்கிறாள்.

பள்ளியில் கேட்டேன், இரண்டாவது நம்பர் முடியாது என்றார்கள். ஆனால் ஆபீஸில் இருக்கும் பெண் ஒரு வழி சொன்னாள். என் நம்பரையும் பாஸ்வேர்டையும் போட்டால் உங்கள் போனிலும் அதே ஆப் திறக்குமாம். எனக்கு வருவதெல்லாம் உங்களுக்கும் வரும். பாஸ்வேர்டைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். ஆப்பில் எதையும் அழிக்காதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இதை உங்களுக்காகச் செய்யவில்லை. மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 2

வாலுவின் அம்மாவுக்கு,

நன்றி. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன், நன்றி.

இப்போது நான் பெரிய படிப்பாளி. லிஃப்ட் குழிக்குள் இருக்கும்போது ஒன்றும் வராது. மேலே மோட்டார் ரூமுக்கு ஏறியதும் டிங் டிங் என்று அத்தனையும் வந்து விழும். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறப்பேன். என் கூட வேலை செய்கிறவன், "என்னண்ணே, லவ் லெட்டரா?" என்று கேட்கிறான். "இருபடிச் சமன்பாடுடா" என்றேன். அதற்கப்புறம் அவன் எதுவும் கேட்பதில்லை.

ஒன்று கவனித்தாயா? பள்ளி விட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகும் இவர்கள் ஹோம்வொர்க் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். டைரிக் காலத்தில் மணி அடித்தால் முடிந்தது, வாத்தியார் மறந்துவிட்டால் பிள்ளைக்கு அதிர்ஷ்டம். இப்போது சாப்பிடும்போது அவருக்கு ஞாபகம் வந்தால் அதுவும் வந்துவிடுகிறது. ஆனால் உனக்கும் ஒரு மார்க் கொடுக்கிறேன், எந்தக் கேள்விக்கு எத்தனை வாங்கினாள் என்று இதில் தெளிவாகத் தெரிகிறது. டைரியில் அது கிடையாது.

எந்தச் செய்தியாக இருந்தாலும் 'சரி' என்கிற பட்டனை அமுக்கினால்தான் மூடுகிறது. அமுக்கியதும் அடியில் பச்சையில் 'பெற்றோர் பார்த்துவிட்டார்' என்று வருகிறது. பார்த்தது அப்பனா அம்மாவா என்று அதற்கு அக்கறை இல்லை. அதைப் பார்த்துச் சிரித்தேன். வெகு நாளைக்கப்புறம் நாம் இரண்டு பேரும் ஒரு இடத்திலாவது ஒரே ஆளாக இருக்கிறோம். கோபித்துக்கொள்ளாதே, மனதில் பட்டதை எழுதினேன்.

அவள் அப்பா


ஆகஸ்ட் 10

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஒரே ஆளாவதெல்லாம் வேண்டாம். ஒரே ஆளாக இருந்தபோது பட்டது போதும்.

ஆனால் இதைச் சொல்ல வேண்டும். லேபுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுப் போகிறோம். மதியம் வந்து எடுத்துப் பார்த்தால் பாதிச் செய்திகள் பச்சையாக இருக்கின்றன. நீங்கள் முன்பே பார்த்திருக்கிறீர்கள். போன வாரம் வரைபடத்தாள் வாங்க வேண்டும் என்று வந்ததை நான் பார்க்கும்போது, நீங்கள் வாங்கி அவள் கையில் கொடுத்தே விட்டீர்கள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. யாரோ என் பையை வாங்கிக்கொண்டு கூட நடந்து வருகிற மாதிரி இருந்தது. எழுதிவிட்டேன், அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். வேண்டாம், இருக்கட்டும்.

பச்சையாக இருப்பதை நான் இப்போது திறந்து பார்ப்பதுகூட இல்லை.

பாப்பா நன்றாகப் படிக்கிறாள். பேச்சுதான் குறைந்துவிட்டது. உங்கள் வீட்டில் பேசுகிறாளா?

பாப்பாவின் அம்மா


செப்டம்பர் 19

நேற்று எங்கே போனீர்கள்?

செவ்வாய்க்கிழமை கணக்கு டீச்சர் அனுப்பிய செய்தியைத் திறந்து 'சரி' போட்டவர் நீங்கள். "மகள் தொடர்பாகப் பேச வேண்டும். வியாழன் பள்ளி முடிந்ததும் பெற்றோர் வரவும்." நான் மதியம் லாக்கரைத் திறந்தபோது அது பச்சையாக இருந்தது. 'மகள்' என்ற சொல்லைப் பார்த்து, இதை மட்டும் திறந்து படித்தேன். நீங்கள் 'சரி' என்று சொல்லியிருந்தீர்கள். இந்தத் தடவை அவர் போகிறார் என்று நினைத்தேன். நானும் வந்து நின்றால் பழையபடி வராந்தாவில் ஏதாவது ஆகும், அவரே போய்ப் பேசட்டும், இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தாரே என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது என்று இப்போது சொன்னால் நம்புவீர்களா?

வேலை முடிந்து லாக்கரைத் திறந்தால் டீச்சரின் போன் அழைப்புகள் வரிசையாக இருந்தன. நீங்கள் போகவே இல்லை. குழந்தை வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

எந்த லிஃப்ட் மாட்டிக்கொண்டது இந்தத் தடவை?


செப்டம்பர் 22

வாலுவின் அம்மாவுக்கு,

எந்த லிஃப்டும் மாட்டிக்கொள்ளவில்லை. நான் அன்று சும்மாதான் இருந்தேன். அதுதான் தாங்க முடியவில்லை.

செய்தியை மோட்டார் ரூமில் பார்த்தேன். 'சரி' அமுக்கினேன். அமுக்காமல் அது மூடாது என்று எழுதியிருந்தேனே, வரைபடத்தாளுக்கும் அதே 'சரி'தான், இதற்கும் அதே 'சரி'தான். வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. பள்ளி கூப்பிட்டால் எப்போதும் போகிறவள் நீ. ஆப் உன் நம்பரில் இருக்கிறது, டீச்சர் உனக்குத்தான் அனுப்பியிருக்கிறார், நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவன் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் போய் நின்றால் வாலு மறுபடியும் குழாயடியில் போய் நிற்பாள். நாம் இப்போதுதான் கொஞ்சம் மனிதர்கள் மாதிரி எழுதிக்கொள்கிறோம், அதைக் கெடுக்க வேண்டாம், நீ மட்டும் போனால் போதும் என்று விலகி நின்றேன்.

வியாழன் சாயங்காலம் பள்ளி இருக்கும் தெருமுனையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நீ வெளியே வரும்போது தூரத்திலிருந்து முகத்தைப் பார்த்தால் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரிந்துவிடும் என்று. நீ வரவில்லை. நான் வருவதற்கு முன்பே போய்விட்டாய் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டேன். உள்ளே அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் ரோட்டைத் தாண்டிப் போயிருந்தால் போதும்.

டைரியாக இருந்தால் உன் கையெழுத்து இல்லாததை நான் பார்த்திருப்பேன். நீயும் பார்த்திருப்பாய். இதில் யார் பார்த்தது என்றே தெரியவில்லையே. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. யார்மேல் சொல்வது என்றும் தெரியவில்லை.

டீச்சர் என்ன பேசக் கூப்பிட்டார்? அதை மட்டும் எழுது.

அவள் அப்பா


செப்டம்பர் 27

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்று லீவு போட்டுவிட்டுக் கணக்கு டீச்சரைப் பார்த்தேன்.

கூப்பிட்டது டீச்சர் இல்லை. பாப்பா. "அப்பா அம்மா ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல வரச் சொல்லுங்க மிஸ், நான் ஒண்ணு கேக்கணும்" என்று அவள்தான் டீச்சரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். பாவி மகள், என்னிடம் கேட்டிருக்கலாம், உங்களிடம் கேட்டிருக்கலாம். தனித்தனியாகக் கேட்டால் நாம் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கேட்க நினைத்தது இதுதான். "பையைத் தூக்கிட்டு ரெண்டு வீட்டுக்கும் அலைய முடியல. எங்க இருக்கணும்னு நான் சொன்னா இன்னொருத்தர் அழுவாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேசி எனக்குச் சொல்லுங்க." டீச்சரிடம் சொல்லி ஒத்திகை பார்த்திருக்கிறாள். பெஞ்சில் பெரியவர்கள் உட்கார முடியாது என்று ஆசிரியர் அறையிலிருந்து நாற்காலிகளை அவளே இழுத்து வந்து போட்டாளாம். உங்களுக்கு முதுகுவலி என்று கைப்பிடி வைத்த நாற்காலியாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். டீச்சர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆப்பில் 'பெற்றோர் பார்த்துவிட்டார்' என்று வந்ததை டீச்சர் செவ்வாய்க்கிழமையே அவளிடம் காட்டியிருக்கிறார். அதனால் நாம் பார்க்கவில்லை என்று அவளால் நினைக்க முடியாது. பார்த்துவிட்டு வரவில்லை என்றுதான் நினைத்திருக்கிறாள். வாட்ச்மேன் கதவைப் பூட்ட வந்தபோது நாற்காலிகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தனியாக நடந்து வந்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

எங்கள் லேபில் ஒரு ரத்த ரிப்போர்ட் வெளியே போக வேண்டும் என்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர் பார்த்திருப்பார் என்று எவளாவது விட்டால் கன்னத்தில் அறையாத குறையாகத் திட்டுகிறவள் நான். என் பிள்ளை விஷயத்தில் அதையேதான் செய்திருக்கிறேன். உங்களைத் திட்டி எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

அவளிடம் நடந்ததைச் சொன்னேன். "தெரியும்மா, பரவால்லம்மா" என்றாள். நீங்களும் பேசுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

பாப்பாவின் அம்மா


அக்டோபர் 6

வாலுவின் அம்மாவுக்கு,

பேசினேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். பட்டன், பச்சை, தெருமுனை டீக்கடை, எல்லாவற்றையும் சொன்னேன். நீ எனக்காக விட்டுக்கொடுத்ததையும் நான் உனக்காக விலகி நின்றதையும் சொன்னேன். பெரிய வக்கீல் மாதிரி வாதாடினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரிப்பா" என்றாள். பிறகு, "நீ அழாதப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று தன் கர்ச்சீப்பைக் கொடுத்தாள். கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாள். தட்டைக்கூட என்னைக் கழுவ விடுவதில்லை. போகும்போது "போய்ட்டு வரேன்ப்பா, தேங்க்ஸ்" என்கிறாள். பெற்ற அப்பனுக்கு என்ன தேங்க்ஸ்?

அவள் கேட்க நினைத்ததற்கு நாம் இப்போதாவது பதில் சொல்ல வேண்டும். உன் வீட்டிலேயே இருக்கட்டும். உன் வீட்டிலிருந்து பள்ளி பக்கம், சிக்னலும் இருக்கிறது. புதன்கிழமையை நான் விட்டுவிடுகிறேன். சனி ஞாயிறும் பரீட்சை முடியும்வரை வேண்டாம். எழுதிவிட்டேன். எழுதுகிற வரைக்கும் என்னால் முடியும் என்று நினைக்கவில்லை.

அவள் அப்பா


அக்டோபர் 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். "இப்ப வேண்டாம்மா. புதன்கிழமை நான் போறேன். அப்பா அறையைப் பெருக்கி வெச்சிட்டுக் காத்திட்டிருக்கும்" என்றாள். நான் சொல்லச் சொல்லப் பையை எடுத்து வைத்தாள். நமக்காகத்தான் அலைகிறாள். இப்போது அது தெரிந்தும் நம்மால் நிறுத்த முடியவில்லை.

அன்றைக்கு நாம் இருவரும் போய் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தால், டீச்சர் முன்னால் கோபப்படாமல் பேசியிருப்போம். பேசிவிட்டு மூன்று பேரும் சேர்ந்து வெளியே வந்திருப்போம். வந்து என்ன செய்திருப்போம் என்று தினமும் நினைக்கிறேன். ஆகஸ்டில் நான் எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அடுத்த கடிதத்தில் உங்களை வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது சொல்ல முடியாது. அவளை அப்படி உட்கார வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்க எனக்கு மனசு வராது.

பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 30

பாப்பாவின் அப்பாவுக்கு,

பரீட்சை முடிந்தது உங்களுக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு ஊரில், ஹாஸ்டல் உள்ள பள்ளியில் இடம் கேட்டு அவளே எழுதிப் போட்டிருக்கிறாள். கணக்கு டீச்சர் உதவி செய்திருக்கிறார். இடம் கிடைத்துவிட்டது. என்னிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். உங்களுக்கு இந்நேரம் தனியாகச் சொல்லியிருப்பாள்.

தடுக்கப் பார்த்தேன். "இங்க என்னடி குறை?" என்று கேட்டேன். "குறையெல்லாம் இல்லம்மா. அங்க ஒரே கட்டில், ஒரே அலமாரி. எல்லாப் புஸ்தகமும் ஒரே இடத்துல இருக்கும்" என்றாள்.

கொண்டுபோய் விட யாராவது ஒருவர் வந்தால் போதுமாம். பெட்டி கனமாக இருப்பதால் அப்பா வரட்டும் என்றாள். நான் பஸ் நிலையத்தோடு நின்றுகொள்கிறேன். ஹாஸ்டலில் அவள் படுக்கை ஜன்னல் பக்கம் இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா


ஜூன் 8

வாலுவின் அம்மாவுக்கு,

படுக்கை ஜன்னல் பக்கம்தான். தாழ்ப்பாள் லேசாக இழுத்தது, பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது, சரி செய்துவிட்டேன். கூட இருக்கும் பெண் நல்ல பிள்ளையாகத் தெரிகிறாள், வந்ததுமே இவளுக்கு அலமாரியில் மேல் தட்டைக் காலி செய்து கொடுத்தாள்.

வார்டன் அம்மா வயதானவர், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பேசுகிறார். "உடம்பு கிடம்பு சரியில்லன்னா யாரைக் கூப்பிடணும்? அப்பா நம்பர், அம்மா நம்பர் ரெண்டும் குடுங்க" என்றார். இங்கே இரண்டு நம்பருக்கும் இடம் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் வாலு சொன்னாள், "ஒண்ணு போதும் மேடம். ரெண்டு பேர்கிட்ட சொன்னா யாரும் வரமாட்டாங்க. ஒருத்தர்கிட்ட சொன்னா ஒருத்தராவது வருவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். வார்டன் என்னைப் பார்த்தார். வாலுவும் என்னைப் பார்த்தாள், பார்த்த பிறகுதான் நான் அங்கே நிற்பது அவளுக்கு உறைத்தது. முகம் சுருங்கிப்போய், "உன்னைச் சொல்லலப்பா" என்றாள். "அம்மா நம்பரைப் போடுங்க மேடம்" என்று நானே சொன்னேன். என் நம்பரைப் போடச் சொல்லி அவளிடம் கெஞ்ச ஆசையாகத்தான் இருந்தது. போன வருஷம் இதே மாதத்தில் உன்னிடம் அதைத்தானே கெஞ்சினேன்.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் வரும்வரை அழுதேன்.

அந்த ஆப்பை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். இனிமேல் அவளைப் பற்றி வருவது எல்லாம் உனக்கு மட்டும்தான் வரும். எனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள், நான் கிளம்பியிருப்பேன் என்று ஒரு நாளும் நினைக்காதே. எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போன் வந்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு நீ போ.

அவள் அப்பா